பச்சையாய் மின்னும் நெடுங்கால் ஈக்கள்: எதைப் பார்த்துப் பிரிப்பது?

கறிவேப்பிலை, செம்பருத்தி இலைகளின் மேல் நெட்டைக் காலில் நிமிர்ந்து நிற்கும் சின்னஞ்சிறு ஈக்களைப் படம் எடுத்திருக்கிறீர்கள். ஒன்று பச்சை, ஒன்று நீலம். வேப்பமரப் பட்டையில் உட்கார்ந்திருந்த இன்னொன்று சாம்பல் நிறம். "மூன்றும் ஒரே ஈயா, வேறு வேறா? உடம்பில் எதைப் பார்த்து எந்தக் கூட்டம் என்று சொல்வது?" என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. இந்த ஈக்களை எல்லோரும் தினமும் பார்க்கிறோம், ஆனால் 'பச்சை ஈ' என்பதோடு விட்டுவிடுகிறோம்.

சுருக்கமாகச் சொன்னால், நிறத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் இறக்கை நரம்பு, அடுத்து உச்சந்தலை, அப்புறம் பின்காலும் உணர்கொம்பும். இந்த வரிசையில் போனால் ஒரு லென்ஸும் ஓரளவு தெளிவான படமும் இருந்தாலே பெரும்பாலான நெடுங்கால் ஈக்களைத் துணைக்குடும்பம் (குடும்பத்துக்குள் ஒரு பெரிய பிரிவு) வரைக்கும், பலவற்றைப் பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) வரைக்கும் கொண்டுபோய்விடலாம். நிறத்தில் தொடங்கினால் முதல் அடியிலேயே வழி தவறும்.

இந்தக் குடும்பத்தின் பெயர் டோலிகோபோடிடே. கிரேக்கத்தில் 'டோலிகோஸ்' என்றால் நீளம், 'பூஸ்' என்றால் பாதம். பிரெஞ்சுக்காரர் லத்ரெய் 1796இல் டோலிகோபஸ் என்ற பேரினத்துக்குப் பெயர் வைத்தார். குடும்பத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. நம் ஊர் ஏரியில் நெடுங்கால் உள்ளான் இருப்பது போல இது நெடுங்கால் ஈ. உலகம் முழுவதும் 7,000க்கும் மேற்பட்ட இனங்கள், 200க்கும் மேற்பட்ட பேரினங்கள். அளவு பெரும்பாலும் 1 முதல் 9 மில்லிமீட்டருக்குள். அசுவினி, இலைப்பேன், சிலந்திப்பேன் போன்ற மெல்லுடல் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் வேட்டைக்காரர்கள் இவர்கள். தோட்டத்தில் இருந்தால் சந்தோஷப்படுங்கள், மருந்து அடித்து விரட்டாதீர்கள்.

இனி, கையில் இருப்பது நெடுங்கால் ஈதானா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். பச்சையாக மின்னுகிற ஈ எல்லாம் இந்தக் குடும்பம் இல்லை. மீன் கடையில் மொய்க்கும் பச்சை ஈயும் மின்னும், படைவீரன் ஈக்கள் சிலவும் மின்னும். கால் நீளத்தை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம். மைக்ரோபெசிடே என்ற வேறொரு குடும்பத்தின் ஈக்களுக்குக் கால் இன்னும் நீளம். ஆனால் அவற்றின் நடுக்காலும் பின்காலும்தான் நெட்டை, முன்கால் குட்டை. அந்த முன்காலை நீட்டி ஆட்டிக்கொண்டே நடக்கும்.

உறுதியான சாட்சி இறக்கையில் இருக்கிறது. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்னோக்கி நீள நரம்புகளை எண்ணிக்கொண்டு வாருங்கள். முதலாவது குட்டையானது, சீக்கிரமே விளிம்பில் முடிந்துவிடும். இரண்டாவதும் மூன்றாவதும் நீளமாக நுனியை நோக்கிப் போகும். அதற்குக் கீழே நான்காவது. அதற்கும் கீழே ஐந்தாவது. மூன்றாவதையும் நான்காவதையும் இணைக்கும் முன் குறுக்கு நரம்பு, நெடுங்கால் ஈயில் இறக்கையின் அடிப்பாகத்தை ஒட்டியே இருக்கும். சட்டென்று கண்ணில் படாது. நான்காவதையும் ஐந்தாவதையும் இணைக்கும் பின் குறுக்கு நரம்பு மட்டும்தான் இறக்கையின் நடுப்பகுதியில் தெளிவாகத் தெரியும். அதற்கும் அடிப்பாகத்துக்கும் இடையில் வழக்கமாகப் பிற ஈக்களுக்கு இருக்கும் ஒரு சிறு தடுப்பு நரம்பு இதில் கிடையாது. இரண்டு அறைகள் சேர்ந்து நீளமான ஓர் அறையாக ஆகியிருக்கும். மீன் கடைப் பச்சை ஈயில் முன் குறுக்கு நரம்பு ஏறக்குறைய இறக்கையின் நடுவிலேயே நிற்கும். படைவீரன் ஈயில் நரம்புகள் எல்லாம் முன்விளிம்புப் பக்கம் நெருக்கியடித்து, நடுவில் ஒரு சின்ன மூடிய அறை இருக்கும். ஒரு முறை இந்த வேறுபாட்டைப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

இன்னொரு சாட்சி ஆண் ஈயின் வால் பக்கம். இந்தக் குடும்பத்தில் ஆணின் இனப்பெருக்க உறுப்பு ஒரு பொட்டலம் போல வயிற்றுக்கு அடியில் முன்பக்கமாக மடிந்து கிடக்கும். சில கூட்டங்களில் அது வயிற்றில் பாதி நீளத்துக்கு இருக்கும். சிலவற்றில் சிறு தொப்பி மாதிரி நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டுப் படத்தில் வால் நுனி கீழே சுருண்டிருந்தால் ஆண். கூராக நீண்டு முடிந்தால் பெரும்பாலும் பெண். இந்த ஆண் பெண் வேறுபாட்டை மனதில் வையுங்கள், பின்னால் ரொம்பத் தேவைப்படும்.

வாயையும் ஒரு பார்வை பார்க்கலாம். நெருங்கிய உறவான நடன ஈக்களுக்குக் குத்தூசி போன்ற நீண்ட வாய் உண்டு. நெடுங்கால் ஈயின் வாய் பெரும்பாலும் குட்டையானது, சதைப்பற்றானது. இரையை அந்த மெத்தைக்குள் பொதிந்து நசுக்கி, சாற்றை உறிஞ்சிவிடும். இலை மேல் ஒரு ஈ வாயில் சிறு புழுவையோ இலைப்பேனையோ கவ்விக்கொண்டு நிற்கும் படம் கிடைத்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அது அழகான ஆவணம்.

சரி, குடும்பம் உறுதி. இப்போது கூட்டம் எது?

உங்கள் முதல் இரண்டு படங்களில் இருப்பது போன்ற, இலை மேல் நின்று மின்னுகிற ஈக்கள் நம் பகுதியில் பெரும்பாலும் சயாபோடினே என்ற துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. அதற்கு இரண்டு அடையாளங்கள். ஒன்று, நான்காவது நரம்பு பாதி வழிக்கு மேல் கவட்டை போல இரண்டாகப் பிரியும். மேல் கிளை வெடுக்கென்று முன்பக்கம் வளைந்து மூன்றாவது நரம்பை நோக்கிப் போகும். கீழ்க் கிளை இறக்கை விளிம்பை நோக்கிப் போகும். அந்த மேல் கிளையின் வளைவு, முழங்கை மடக்கியது போல இருக்கும். இரண்டு, உச்சந்தலை. ஈயை முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு கூட்டுக்கண்களுக்கு நடுவே உச்சந்தலை பள்ளமாகக் குடைந்திருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் மூன்று சிறுகண்களைத் தாங்கும் மேடு தனியாக எழும்பி நிற்கும். இந்தப் பள்ளத்துக்காகத்தான் முன்பக்கப் படம் எடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வேன். மேலிருந்து எடுத்த நூறு படத்தில் தெரியாதது முன்பக்கத்திலிருந்து எடுத்த ஒரு படத்தில் தெரிந்துவிடும்.

இரண்டில் ஒன்று மட்டும் போதுமா? போதாது. மெசோராகா என்ற பேரினம் இதே துணைக்குடும்பம்தான். ஆனால் அதில் கீழ்க் கிளை மறைந்துபோயிருக்கும், கவட்டை இருக்காது. கவட்டையை மட்டும் தேடுகிறவர் அதை வேறு கூட்டத்தில் தள்ளிவிடுவார். உச்சந்தலைப் பள்ளம் அங்கே கைகொடுக்கும். அதேபோல, மீன் கடைப் பச்சை ஈயிலும் நான்காவது நரம்பு நுனியில் வெடுக்கென்று வளையும், ஆனால் கிளை பிரியாது. ஒரு அடையாளம் சந்தேகம் தந்தால் இரண்டாவதைக் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் தைரியமாகச் சொல்லலாம்.

சயாபோடினேவுக்குள் எந்தப் பேரினம் என்பதில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. இணையத்தில் இந்த வகைப் படம் எதைத் தேடினாலும் காண்டிலோஸ்டைலஸ் என்ற பெயர்தான் முதலில் வரும். காரணம், அமெரிக்கத் தோட்டங்களில் அதுதான் எங்கும் நிறைந்திருக்கிறது. அங்கே படம் எடுப்பவர்களும் அதிகம். அந்தப் பேரினத்தின் பெரும்பாலான இனங்கள் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. தென்னாசியாவில் இலை மேல் நிற்பவற்றில் கிரைசோசோமா, ஆம்ப்ளிப்சிலோபஸ் ஆகிய இரண்டையும்தான் முதலில் நினைக்க வேண்டும். இவை இரண்டையும் பிரிக்க உணர்கொம்பைப் பாருங்கள். உணர்கொம்பின் மூன்றாவது கணுவிலிருந்து ஒரு நீண்ட மயிர் கிளம்பும். அது கணுவின் நுனியிலிருந்து கிளம்பினால், கணுவும் முக்கோணமாக நீண்டிருந்தால், பெரும்பாலும் கிரைசோசோமா. கணுவின் முதுகுப் பக்கத்திலிருந்து கிளம்பினால் பெரும்பாலும் ஆம்ப்ளிப்சிலோபஸ். 'பெரும்பாலும்' என்று இரண்டு முறை சொல்வதற்குக் காரணம், இந்த இரண்டு பேரினங்களுமே மிகப் பெரியவை, உள்ளுக்குள் நிறைய வேறுபாடுகள் கொண்டவை. ஆஸ்திரேலியாவின் டேனியல் பிக்கெல் 1994இல் அந்த நாட்டுச் சயாபோடினே ஈக்கள் பற்றி ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார். நம் பக்கத்து ஈக்களைப் படிக்கிறவர்களும் இன்றுவரை அதைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

இறக்கையில் பழுப்புப் பட்டை இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துப் பேரினம் சொல்லாதீர்கள். முன்விளிம்பில் சேர்ந்து நிற்கும் இரண்டு பட்டைகள் பல பேரினங்களில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வருகின்றன. பட்டை அழகானது, இனத்தை அடையாளம் காணும்போது உதவும், ஆனால் கூட்டத்தைப் பிரிக்க உதவாது.

நிறத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஈக்களின் பச்சை சாயம் இல்லை. தோலின் மிக நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது உண்டாகும் நிறம் அது. மயில் தோகையில் நடப்பதும் இதே வகை வேலைதான். ஆகவே பார்க்கும் கோணம் மாறினால் பச்சை நீலமாகும், நீலம் செம்பொன்னாகும். காலை வெயிலில் பச்சையாகத் தெரிந்த ஈ, நிழலுக்குப் போனால் ஊதா. உங்கள் 'பச்சை ஈ'யும் 'நீல ஈ'யும் ஒரே இனமாகவே இருக்கலாம். இரண்டு வேறு பேரினங்கள் ஒரே பச்சையில் அருகருகே நிற்கவும் செய்யும். இரண்டையும் நான் ஒரே செடியில் பார்த்திருக்கிறேன். கண்களும் அப்படித்தான்: நல்ல வெளிச்சத்தில் நெருங்கி எடுத்தால் கண்ணின் முகப்புகளில் பச்சையும் செம்பொன்னும் வரிசை மாற்றி மாற்றி மின்னும். பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் ஆண்டுக்கணக்கில் சாராயக் குப்பியில் கிடந்த மாதிரியில் அந்த மின்னல் அப்படியே நிற்காது. இப்படி மாறுகிற ஒன்றை நம்பிக் கூட்டம் பிரிக்க முடியாது.

அடுத்து, உங்கள் மூன்றாவது படம். மரப்பட்டையில், தலை மேல் நோக்கி, முன்னங்கால்களை ஊன்றி மார்பைத் தூக்கி நிற்கும் சாம்பல் நிற ஈ. இந்த நிலையைப் பார்த்ததுமே மெடெடெரா என்ற பேரினம் நினைவுக்கு வர வேண்டும். இது மெடெடெரினே துணைக்குடும்பம். நிற்கும் விதம் ஒரு துப்பு மட்டும்தான், உடம்பில் உறுதி செய்ய வேண்டியவை வேறு. முதுகைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். மார்பின் மேல்பக்கம் முன்னால் வளைந்து வந்து, பின்பகுதியில் அமுங்கித் தட்டையாகச் சரியும். நான்காவது நரம்பில் கவட்டை இருக்காது. அது மூன்றாவது நரம்பை நோக்கிச் சற்றே ஒருங்கிக்கொண்டே போகும். பிறகு பின்காலின் பாதம். ஈயின் பாதத்தில் ஐந்து கணுக்கள் உண்டு. பொதுவாக முதல் கணுதான் நீளமாக இருக்கும். மெடெடெராவில் பின்காலின் முதல் கணு இரண்டாவதைவிடக் குட்டை. பட்டையில் நிற்கிற ஈயில் இதைப் பார்த்துவிட்டால் மெடெடெராவுக்கு மிக அருகில் வந்துவிட்டீர்கள்.

மெடெடெராவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் இதன் மங்கலான நிறத்தால் யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை. இதன் புழுக்கள் மரப்பட்டைக்கு அடியில் வாழ்ந்து, பட்டையைத் துளைக்கும் வண்டுகளின் புழுக்களைத் தின்கின்றன. ஐரோப்பாவின் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடுகளை அழிக்கும் பட்டைத் துளைப்பான் வண்டின் சுரங்கங்களில் மெடெடெரா சிக்னாடிகார்னிஸ் இனத்தின் புழுக்கள் இரை தேடுகின்றன. வட அமெரிக்காவில் டக்ளஸ் ஃபிர் மரத்தைத் தாக்கும் வண்டுக்கு மெடெடெரா ஆல்ட்ரிச்சை முக்கியமான எதிரி. காட்டுக்காரர்கள் இந்தச் சாம்பல் ஈயை நன்றியோடு பார்க்கிறார்கள்.

பட்டையில் நிற்கிற எல்லாம் மெடெடெரா என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். நியூரிகோனா என்ற பேரினமும் அடிமரத்தில் உட்காரும். அதிலும் முதுகின் பின்பகுதி தட்டையாக இருக்கும். ஆனால் நியூரிகோனாவின் உடம்பு பெரும்பாலும் மஞ்சள் கலந்தது, மெலிந்தது. கால் இன்னும் ஒல்லி, இன்னும் நீளம். நான்காவது நரம்பு நுனிப்பக்கத்தில் மூன்றாவதை நோக்கி நன்றாக வளையும். மெடெடெரா கட்டுக்கோப்பான உடம்பு, சாம்பல் தூசி படிந்தது போன்ற தோற்றம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும்.

மெடெடெராவின் சொந்தக்காரர் ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும்: திரிப்டிகஸ். மிகச் சின்ன, பச்சையாக மின்னும் ஈ. குடும்பமே வேட்டைக்காரர்களாக இருக்க, இந்தப் பேரினத்தின் புழுக்கள் மட்டும் செடியின் தண்டுக்குள் சுரங்கம் அமைத்து வாழ்கின்றன. தென் அமெரிக்காவில் ஆகாயத்தாமரையின் இலைக்காம்புக்குள் வாழும் திரிப்டிகஸ் இனங்கள் உண்டு. அதனால் ஆகாயத்தாமரையைக் கட்டுப்படுத்த இவை உதவுமா என்றுகூட ஆராய்ந்திருக்கிறார்கள்.

இப்போது டோலிகோபஸ். குடும்பத்துக்கே பெயர் கொடுத்த பேரினம், 600க்கும் மேற்பட்ட இனங்கள். ஆனால் இது குளிர்நாட்டு ஈ. ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா ஆகிய இடங்களின் ஈரப் புல்வெளிகளில்தான் இதன் ராஜ்ஜியம். ஐரோப்பியக் கையேட்டை வைத்து நம் ஊர் ஈயை டோலிகோபஸ் என்று சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும். இதன் அடையாளம் ஒன்றே ஒன்று, மிகத் தெளிவானது: பின்கால் பாதத்தின் முதல் கணுவின் மேல்பக்கத்தில் தடித்த முள்மயிர்கள் நிமிர்ந்து நிற்கும். நெருங்கிய சொந்தமான ஹெர்கோஸ்டோமஸில் அந்த இடம் முள்ளில்லாமல் இருக்கும். இரண்டுமே டோலிகோபோடினே துணைக்குடும்பம். அந்தத் துணைக்குடும்பத்துக்குப் பொதுவான அடையாளங்கள்: உச்சந்தலையில் பள்ளம் இல்லை, உணர்கொம்பின் முதல் கணுவின் மேல்பக்கத்தில் சிறு மயிர்கள், நடுத்தொடையிலும் பின்தொடையிலும் நுனிக்குச் சற்று முன்னால் ஒரு தனி முள்மயிர், ஆணின் வால் பொட்டலம் பெரியது. அந்தப் பொட்டலத்தின் நுனியில் விசிறி போன்ற இரண்டு மடல்கள் பல இனங்களில் வெளிறிய நிறத்தில், கருத்த ஓரத்தோடு தெரியும்.

டோலிகோபஸ் ஆண்களிடம் ஒரு தனி அழகு உண்டு. டோலிகோபஸ் பிளூமிபெஸ் என்ற இனத்தில் ஆணின் நடுக்கால் பாதத்தின் முதல் கணு இருபுறமும் இறகு வைத்தது போல மயிர் விரிந்திருக்கும். பெண்ணிடம் அந்த இறகு இல்லை. இதே துணைக்குடும்பத்தின் பீசிலோபோத்ரஸ் நோபிலிடேட்டஸ், இங்கிலாந்தில் குட்டை ஓரச் சேற்றில் சாதாரணமாகக் காணக் கிடைப்பது. ஆணின் இறக்கை நுனி வெள்ளை, அதற்கு முன்னால் கருமை. பெண்ணுக்கு முன்னால் நின்று அந்த வெள்ளை நுனியை விரித்து விரித்துக் காட்டும், பிறகு அவளுக்குப் பின்பக்கம் பறந்து போய் நிற்கும். மைக்கேல் லாண்ட் என்ற பார்வையியல் அறிஞர் 1993இல் இந்தக் காதல் ஆட்டத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பெண் ஈ பார்த்துத் தேர்ந்தெடுக்கிற அலங்காரங்கள்தான் நமக்கும் இனத்தைக் காட்டிக்கொடுக்கின்றன.

அலங்காரம் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. காலில் இறகு, பாதத்தில் தட்டையான கருங்கொடி, உணர்கொம்பு மயிரின் நுனியில் துடுப்பு, இறக்கையில் புள்ளி, வயிற்றில் வெள்ளிப் பூச்சு என்று ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வோர் இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அர்கைரா பேரினத்தின் ஆண் பலவற்றில் வயிறு வெள்ளியாகப் பளபளக்கும். கிரைசோசோமா ஆண் சிலவற்றில் உணர்கொம்பின் மயிர் நுனி கொடி போல அகன்றிருக்கும். ஆகவே ஆண் ஈ கிடைத்தால் தலை முதல் பாதம் வரை ஒவ்வோர் உறுப்பையும் படம் எடுத்துவிடுங்கள். எது தேவைப்படும் என்று அப்போது தெரியாது.

நீர்க்கரைக் கூட்டம் தனி உலகம். ஹைட்ரோஃபோரஸ் என்ற பேரினம் நீர்ப்பரப்பின் மேலேயே நிற்கும், வழுக்கிக்கொண்டு போகும். சாம்பல் அல்லது மங்கலான பச்சை நிறம். முன்தொடை பருத்து, அடிப்பக்கத்தில் முள்கள் வரிசையாக இருக்கும். நீர் மேல் தத்தளிக்கும் பூச்சியை அமுக்கிப் பிடிக்க அது உதவுகிறது. மூன்றாவது, நான்காவது நரம்புகள் ஏறக்குறைய இணையாக ஓடும், கவட்டையும் இல்லை, பெரிய வளைவும் இல்லை. முகம் ஆண் பெண் இருவருக்கும் அகலம். மற்றப் பல கூட்டங்களில் ஆணின் முகம் பெண்ணின் முகத்தைவிடக் குறுகலாக இருக்கும், இதில் அப்படி இல்லை என்பது கவனிக்க வேண்டியது. இதோடு குழப்பக்கூடியது எபிட்ரிடே குடும்பத்தின் ஆக்தெரா. அதன் முன்தொடை கும்பிடுபூச்சியின் கைபோல ரொம்பவே ஊதியிருக்கும். எபிட்ரிடே ஈக்களில் இறக்கையின் முன்விளிம்பு நரம்பு இரண்டு இடங்களில் அறுந்தது போலத் தெரியும், நெடுங்கால் ஈயில் அது தொடர்ச்சியாக இருக்கும்.

உப்பு நீரும் சேறும் இருக்கும் இடங்களில் தினோஃபிலஸ் பேரினத்தைத் தேடுங்கள். சிங்கப்பூரின் அலையாத்திக் காடுகளில் பெல்ஜியத்தின் பாட்ரிக் க்ரூட்டேர்ட் தன் கூட்டாளிகளோடு பல ஆண்டுகள் ஈ சேகரித்து, தினோஃபிலஸ் உட்பட நிறைய புதிய இனங்களைப் பதிவு செய்திருக்கிறார். நகரத்தை ஒட்டிய சிறு அலையாத்தித் துண்டுகளிலேயே அத்தனை புதிய ஈக்கள் இருந்தன. பிச்சாவரத்துச் சேற்றுக் கரையில் பொறுமையாகக் குனிந்து பார்க்க யாராவது கிளம்பினால் என் மனம் குளிரும்.

அருவி, பாறைக் கசிவு, நீர் வழியும் சுவர் என்றால் லையன்கலஸ். நெடுங்கால் ஈக்களில் இது பெரிய உடம்பு. மார்பின் பின்முனையில் இருக்கும் முக்கோணத் தகட்டில் இரண்டு முள்மயிர்களோடு நிற்காமல் நான்கோ ஆறோ இருக்கும். ஐரோப்பாவின் லையன்கலஸ் வைரென்ஸ் ஆணுக்கு இறக்கை நுனியில் கருமையும் வெண்மையும் சேர்ந்த பொட்டு உண்டு.

மிகச் சின்ன பச்சை ஈக்கள், 1 முதல் 3 மில்லிமீட்டர், புல் மேல் கூட்டமாக இருந்தால் டயாஃபோரினே துணைக்குடும்பத்தின் கிரைசோடஸ் பேரினத்தை நினைக்கலாம். உணர்கொம்பு குட்டை, நரம்புகள் நேர்க்கோடு, ஆணின் வால் பொட்டலம் சிறு தொப்பி போல. இங்கே கண்கள்தான் துப்பு. கிரைசோடஸ் ஆண்கள் பலவற்றில் இரண்டு கண்களும் உணர்கொம்புக்குக் கீழே, முகத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். அதே துணைக்குடும்பத்தின் டயாஃபோரஸ் ஆண்கள் பலவற்றில் உணர்கொம்புக்கு மேலே, நெற்றியில் ஒட்டும். மேலா கீழா என்று பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இதே கூட்டத்தின் அசிண்டீடஸில் நான்காவது நரம்பு நடுவில் அறுந்து, இடம் மாறி மறுபடி தொடங்கியது போல இருக்கும். அந்த ஒன்றைப் பார்த்தாலே போதும்.

உணர்கொம்பு நீண்டு, கூரான கத்தி மாதிரி இருந்தால் ராஃபியம். ஆனால் அது பெரும்பாலும் வடக்கு நாட்டு ஈ. ஆணின் நடுக்கால் வளைந்து நெளிந்து விகாரமாகத் தெரிந்தால் காம்ப்சிக்னீமஸ். அந்தப் பெயருக்கே வளைந்த கால் என்றுதான் பொருள். ஹவாய்த் தீவுகளில் மட்டும் இந்தப் பேரினம் 150க்கும் மேற்பட்ட இனங்களாகக் கிளைத்திருக்கிறது. எங்கோ கடல் நடுவில் வந்து சேர்ந்த சில ஈக்களிலிருந்து அத்தனையும். அதன் நெருங்கிய உறவுகளில் இறக்கை சுருங்கிப் பறக்க முடியாமல் போனவையும் அந்தத் தீவுகளில் இருந்தன.

படம் எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. ஒரு ஈக்கு மூன்று படம் வேண்டும்: இறக்கை விரிந்த நிலையில் நேர் மேலிருந்து ஒன்று, தலைக்கு நேர் முன்னாலிருந்து ஒன்று, கால்கள் தெரிய பக்கவாட்டில் ஒன்று. ஃபிளாஷ் போட்டால் பல படங்களில் ஈ இருக்காது, அல்லது காற்றில் தாவிய நிலையில் இருக்கும். அது உங்கள் கைத் தவறு இல்லை. ஃபுளோரிடாவில் ஆண்ட்ரே சூரகோவ் 2011இல் காண்டிலோஸ்டைலஸ் ஈயைச் சோதித்து, ஃபிளாஷ் ஒளி பட்ட 5 மில்லிசெகண்டுக்குள் அது தாவத் தொடங்குவதைக் காட்டினார். ஒளி அடித்து முடிவதற்குள் ஈ கிளம்பிவிடுகிறது. அதனால் இயற்கை வெளிச்சத்தில் எடுங்கள். விடிந்து கொஞ்ச நேரத்துக்குள், உடம்பு சூடேறுவதற்கு முன் போனால் ஈ பொறுமையாக நிற்கும். நிழல் அதன் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தாவில் பறந்தாலும் பல நேரம் அதே இலைக்கோ பக்கத்து இலைக்கோ திரும்பி வரும், அங்கேயே காத்திருங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெண் ஈயின் படத்தை வைத்து இனப் பெயர் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். பல பேரினங்களில் பெண்களை இனம் பிரிக்க நிபுணர்களுக்கே கடினம், ஆணின் வால் பொட்டலத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். பேரினத்தோடோ துணைக்குடும்பத்தோடோ நிறுத்தி, தேதியும் இடமும் எந்தச் செடி என்பதும் குறித்து வைத்தால் அது தவறான இனப் பெயரைவிட எத்தனையோ மடங்கு பயன்படும்.

இப்போது உங்கள் மூன்று படங்கள். பச்சை ஈயில் நான்காவது நரம்பின் கவட்டையும் மேல் கிளையின் முழங்கை வளைவும் தெளிவாக இருக்கின்றன. அது சயாபோடினே. வால் கூராக முடிவதால் பெண். உணர்கொம்பு மங்கலாக இருப்பதால் பேரினத்தை நான் சொல்ல மாட்டேன். நீல ஈயிலும் அதே கவட்டை, அதே வளைவு. வால் அடியில் மடிந்திருக்கிறது, ஆண். இரண்டும் ஒரே செடியில் இருந்ததால் ஜோடியாக இருக்கலாம் என்று ஆசை வரும். அதன் உணர்கொம்பைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துவிட்டால் கிரைசோசோமாவா ஆம்ப்ளிப்சிலோபஸா என்பது தெரிந்துவிடும். வேப்பமரத்து ஈ மெடெடெராவாகத்தான் தெரிகிறது: நிற்கும் விதம், தட்டையான பின்முதுகு, ஒருங்கும் நரம்புகள் எல்லாம் ஒத்துப்போகின்றன. பின்கால் பாதம் மட்டும் பட்டை வெடிப்பில் மறைந்திருக்கிறது. அடுத்த முறை மரத்தின் ஓரத்தில், ஈ பக்கவாட்டில் தெரியும்படி நின்று, அந்த முதல் கணு இரண்டாவதைவிடக் குட்டையா என்று பார்த்துச் சொல்லுங்கள்.